அம்மாவுக்கு மட்டும் விற்காத திட்டம்

பதுளை பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. மருத்துவக் காப்புறுதி எடுக்க வருகிறவர்களுக்கு எந்தக் கம்பெனியில் எவ்வளவு கட்டணம், எந்த நோய்க்குப் பணம் தருவார்கள், எதற்குக் கையை விரிப்பார்கள் என்று ஒப்பிட்டுச் சொல்வது என் வேலை. ஒன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன். கம்பெனிகள் பளபளவென்று அச்சடித்துத் தரும் புத்தகங்களைப் பார்த்து யாரும் கையெழுத்துப் போடக்கூடாது என்பது என் கட்சி. அதனால் நானே உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டு, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஐந்து கம்பெனிக்கு ஐந்து பத்தி. வருகிறவர்களுக்கு அதில் விரல் வைத்துக் காட்டுவேன். அந்த அட்டவணையில் எனக்குப் பெருமை உண்டு. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று என் கணவர் கேலி செய்வார்.

ஆறாவதாக ஒரு பத்தியும் இருக்கிறது. அது எங்கள் மாகாணத்தில் தேயிலைத் தோட்டங்களில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமான மானியத் திட்டம். கட்டணத்தில் பாதியை ஒரு நலன்புரி நிதி கட்டிவிடும், மீதியைத்தான் ஆள் கட்ட வேண்டும். வருடத்தில் ஒரே ஒரு மாதம்தான் ஆள் சேர்ப்பார்கள். அறுபது வயதுக்குள் சேர்ந்துவிட வேண்டும். தோட்டத்தில்தான் குடியிருக்கிறேன் என்று தோட்ட ஆபீஸ் முத்திரை குத்திய கடிதம் வேண்டும். மற்றப்படி அது ஒன்றும் பெரிய திட்டமில்லை. வார்டு கட்டணம் குறைவு, மருந்துக்குத் தருவதும் குறைவு. ஒரே ஒரு வரிசையில்தான் மற்ற ஐந்தையும் அது மிஞ்சி நின்றது. கண் ஆபரேஷனுக்கு மற்றக் கம்பெனிகளில் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். இதில் சேர்ந்து மூன்று மாதம் போனால் போதும்.

கொழுந்தெடுக்கும் பெண்களிடம் அந்த வரிசையை நான் எத்தனை தடவை படித்துக் காட்டியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. லுணுகலை, பூனாகலை, பசறைப் பக்கம் என்று ஒவ்வொரு தோட்டமாகப் போய், தொழிலாளிகளின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் முன்னால் மேசை போட்டு உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். "கண்ணுக்கு இதுதான் நல்லது. யோசிக்காம போடுங்க." அவர்களும் என்னை மிஸ் என்று கூப்பிட்டு, நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

மடுல்சீமைப் பக்கம் மட்டும் நான் வேலையாகப் போனதில்லை. ஒரு வருடம் காய்ச்சல் என்றேன், ஒரு வருடம் பிள்ளைக்குச் சுகமில்லை என்றேன். அந்தப் பாதையில் வளைவுகளில் எனக்கு வாந்தி வரும் என்று முதலாளியே மற்றவர்களுக்குச் சொல்லும் அளவுக்கு அது பழகிவிட்டது. நான் பிறந்து வளர்ந்தது அந்த வளைவுகளைத் தாண்டி இருக்கும் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீட்டில். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

இதை யாரும் மறைக்கச் சொல்லவில்லை. என் கணவருக்கும் அவர் வீட்டாருக்கும் எல்லாம் தெரியும். அவருடைய அப்பாவும் தோட்டத்திலிருந்து வந்து டவுனில் கடை வைத்தவர்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி, "எந்தூர் மகள்?" என்று கேட்டார். அவர் பதுளை முஸ்லிம் வியாபாரி, வயதில் சின்ன பெண்கள் எல்லாரையும் மகள் என்றுதான் கூப்பிடுவார். நான் அப்போது டவுனில் ஓர் அறை எடுத்துத் தங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. "பதுளைதான்" என்றேன். பக்கத்து மேசையில் இருந்த பெண், "நல்ல வேளை, நம்ம டவுன் ஆளு" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு ஒன்பது வருடம் காவல் இருந்தேன்.

காவல் இருப்பது என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும் என்று நினைத்திருந்தேன். அது அப்படி இல்லை. ஒரு நாள் தோட்டத்திலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர், "பெரட்டு முடிஞ்சு வர நேரமாயிருச்சு மிஸ்" என்றார். அவர் போனதும் பக்கத்து மேசைப் பெண் என்னிடம், "பெரட்டுன்னா என்ன?" என்று கேட்டாள். விடியற்காலையில் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்குப் பெயர் பெரட்டு. அம்மாவின் இடுப்புச் சாக்கைப் பிடித்துக்கொண்டு, குளிரில் பல் கிட்டித்து, எத்தனையோ நாள் அந்தக் களத்தில் நின்றிருக்கிறேன். "தெரியல, ஏதோ வேலை போல" என்று சொன்னேன். சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தேன். அது தொண்டையில் இறங்கியதுதான் எனக்கு இப்போதும் ஆச்சரியம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆள் சேர்க்கும் மாதத்தில் அம்மா ஃபோன் எடுத்தாள்.

"பெரட்டுக்களத்துல ஒரு தாளு குடுத்தாங்க. ஏதோ மானியமாம். பாதிக் காச அவங்களே கட்டிருவாங்களாம். ஒங்க ஆபீஸ் பேருதான் போட்டிருக்குன்னு பக்கத்து வீட்டுப் புள்ள படிச்சுச் சொன்னா. நானும் பேரு குடுக்கவா?"

மானியத் திட்டத்தின் படிவங்கள் எல்லாம் முதலாளியின் மேசைக்குத்தான் போகும். அவர் ஒவ்வொன்றையும் ஒரு வரி விடாமல் படித்து, தோட்டக் கடிதத்தோடு சேர்த்துப் பின் குத்தி அனுப்புவார். அதில் லய நம்பர் இருக்கும். தொழில் என்ற இடத்தில் கொழுந்து பறிப்பவர் என்று இருக்கும். பிள்ளைகள் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கும்.

"வேணாம்மா" என்றேன். "அது சும்மா ஒப்புக்குச் செய்யறது. ஒனக்கு நான் நல்ல கம்பெனியில எடுத்துத் தர்றேன்."

"ஒனக்கு எதுக்கு வீண் செலவு?"

"நான் பாத்துக்கறேன், நீ பேசாம இரு."

"சரி. நீ படிச்ச புள்ள, ஒனக்குத்தான் தெரியும்" என்று வைத்துவிட்டாள்.

அதற்கு முந்தின தீபாவளிக்குப் போயிருந்தபோதே, "ஊசி கோக்க முடியல, மங்கலா இருக்கு" என்று அம்மா சொல்லியிருந்தாள். அவளுக்குச் சீனி வியாதியும் உண்டு. நான் அட்டவணையை எடுத்துக் கண் ஆபரேஷன் என்ற வரிசையில் விரல் வைத்துப் பார்த்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது பத்தியில் இருந்த கம்பெனியைத் தேர்ந்தெடுத்தேன். கட்டணம் அதிகம், ஆனால் படிவத்தை நேரே கொழும்புக்கு அனுப்பிவிடலாம். முகவரிக்கு என் வீட்டு முகவரியைப் போட்டேன். தொழில் என்ற இடத்தில் வீட்டில் இருப்பவர் என்று எழுதினேன். நாற்பது வருடத்துக்கு மேல் மலை ஏறி இறங்கியவளை ஒரு வரியில் வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டேன்.

ஐந்து மாதத்தில் பெரியாஸ்பத்திரி கண் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள், இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றிவிட்டது என்று. அங்கே காசில்லாமல் செய்வார்கள். ஆனால் பெயர் பட்டியல் நீளம், கண்ணுக்குள் வைக்கும் வில்லையும் வரவில்லை. தேதி கொடுத்தார்கள், தள்ளிப் போட்டார்கள், மறுபடியும் கொடுத்தார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் உடனே செய்யலாம் என்றதும் நான் எடுத்துக் கொடுத்த காப்புறுதிக்கு விண்ணப்பம் போட்டேன். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டேன். இரண்டு வருடம் ஆகவில்லை என்று கடிதம் வந்தது. ஃபோன் எடுத்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி சண்டை போட்டேன். எதிர்ப்பக்கத்துப் பெண் பொறுமையாக, நிறுத்தி நிறுத்தி அந்த விதியை எனக்குப் படித்துக் காட்டினாள். நான் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டும் அதே குரல்.

கைக்காசு போட்டுச் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். என் கணவரின் வாகனத் திருத்தகம் மூடிக் கிடந்த காலம் அது. எங்களால் முடியவில்லை. முடிந்திருந்தாலும் அம்மா விட்டிருக்கமாட்டாள் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்படிச் சமாதானப்படுத்திக்கொள்வதில் நான் கைதேர்ந்தவள்.

மலையில் அம்மாவின் கூடையில் முற்றின இலை சேர ஆரம்பித்தது. கொழுந்து கைக்கே தெரியும், கண் எதற்கு என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கங்காணி நல்லவர், இரண்டு மாதம் கண்டுகொள்ளாமல் விட்டார். பிறகு கொழுந்திலிருந்து எடுத்துப் புல் வெட்டப் போட்டார். அங்கே கல் தடுக்கி விழுந்து முழங்காலில் அடி. "சின்ன அடிதான்" என்று ஃபோனில் சொன்னாள். "நீ எடுத்துக் குடுத்தது எப்ப வேலை செய்யும்?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபமாவது வந்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

அடுத்த ஆள் சேர்க்கும் மாதம் நெருங்கியது. அம்மாவின் உண்மையான வயது ஐம்பத்தேழு. அடையாள அட்டையில் ஐம்பத்தொன்பது. சின்ன வயதிலேயே தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்கு அனுப்புவதற்காக அவளுடைய அப்பா இரண்டு வயது கூட்டிச் சொன்னார். எங்கள் லயத்தில் அப்படி வயது கூடினவர்கள் நிறையப் பேர். அந்த இரண்டு வயதால் இதுதான் அவளுக்குக் கடைசி வருடம். இதையும் விட்டால் மானியத் திட்டத்தின் கதவு அவளுக்கு மூடிவிடும். கண்ணுக்கு உடனடியாக வேறு வழியும் இல்லை.

பக்கத்து மேசைப் பெண் எப்போதும்போல் மடுல்சீமைக்குப் போவாள், அம்மா அங்கே கையெழுத்துப் போடட்டும், மற்றதை ஏதாவது செய்து சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த வருடம் பெய்த மழையில் பாதையில் மண் சரிந்து, எங்கள் வேன் போக முடியாமல் ஆகிவிட்டது. அந்தப் பக்கத்து ஆட்கள் சரிவு வரை நடந்து வந்து, இந்தப் பக்கம் நிற்கும் பஸ்ஸில் ஏறி நேரே பதுளை அலுவலகத்துக்கு வரட்டும் என்று முதலாளி தோட்டங்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

அன்று மாலையே அம்மா ஃபோன் எடுத்தாள்.

"ஆபீசுக்கே வரச் சொல்றாங்களே. நான் வரலாமா? ஒனக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. மூன்று வினாடி இருக்குமோ என்னவோ. அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

"சரி, நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் எத்தனையோ தடவை அவளிடம் சொன்ன அதே வார்த்தை.

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு மாடிப்படியில் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டுப் பெண்கள். எல்லாரும் எங்கள் லயத்தையும் கீழ் லயத்தையும் சேர்ந்தவர்கள். கீழேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். முன்னால் வந்தது பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அம்மா மலைக்குப் போயிருக்கும்போது எனக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர். எனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையோடு பக்கத்தில் படுத்திருந்தவர். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"மிஸ், இங்கதானுங்களா பேரு குடுக்கறது?" என்று கேட்டார்.

பின்னால் வந்தவர்களும் அப்படியே. ஒருவர்கூட என்னை அறிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "எப்படி இருக்க புள்ள" என்று ஒரு வார்த்தை இல்லை. பஸ்ஸில் வரும்போதே அம்மா எல்லாரிடமும் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறாள். என் மகள் நம்மைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளமாட்டாள், நீங்களும் காட்டிக்கொள்ளாதீர்கள் என்று ஒரு தாய் எப்படிச் சொல்லியிருப்பாள், எந்த வார்த்தை போட்டுச் சொல்லியிருப்பாள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அம்மா கடைசியாக வந்தாள். நான் எடுத்துக் கொடுத்த நீலச் சேலையைக் கட்டியிருந்தாள். ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே வந்து வரிசையின் கடைசியில் நின்றாள்.

எங்கள் அலுவலகத்தில் வருகிறவர்கள் உட்கார நான்கு கதிரைகள்தான் உண்டு. அவை நிரம்பிவிட்டால், வயதானவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் உள்ளே இருந்து ஒரு கதிரை எடுத்துப் போடுவேன். அது என் வழக்கம், எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு நான் எழுந்திருக்கவில்லை. அவளுக்கென்று எழுந்து போனால் என் முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்தேன். ஒவ்வொரு படிவமாக நிரப்பினேன். தலையைத் தூக்கும்போதெல்லாம் அந்த நீலச் சேலை சுவரோரமாக ஓரடி நகர்ந்திருக்கும்.

முதலாளி ஒரு தடவை அந்தப் பக்கம் வந்தார். வரிசையைப் பார்த்துவிட்டு, "இவங்க எல்லாம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"மடுல்சீமைங்க" என்று அம்மாதான் பதில் சொன்னாள். "ரோடு ஒடைஞ்சு போச்சுங்க. மிஸ் நல்லா வெளக்கிச் சொல்றாங்க."

அம்மாவின் முறை வந்தபோது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. மேசைக்கு எதிரே உட்கார்ந்து, பையிலிருந்து அடையாள அட்டையையும் முத்திரை குத்திய கடிதத்தையும் எடுத்து வைத்தாள். அந்தக் கடிதம் புதிதல்ல. போன வருடத் தேதியைக் கோடு போட்டு அடித்து, மேலே இந்த வருடத் தேதியை எழுதி மறுபடி முத்திரை குத்தியிருந்தார்கள். நான் வேண்டாம் என்று சொன்னேனே, அந்த மாதமே அவள் கடிதத்தை வாங்கி வைத்திருக்கிறாள். என்னிடம் கேட்டுவிட்டு, மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

பெயர் எழுதினேன். லய நம்பர் எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல, தெரியாதவள் மாதிரி எழுதினேன். பக்கத்து மேசைப் பெண் இரண்டடி தள்ளி இருந்தாள். பிள்ளைகள் என்ற இடம் வந்தது.

"புள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டேன். கேட்டது என் வாய்தான்.

"ஒரு மகதாங்க மிஸ்." அம்மா என் பக்கமாகப் பார்த்தாள், ஆனால் பார்வை என் தோளுக்கு மேல் எங்கேயோ போனது. "நல்ல வேலையில இருக்கா. அவ பேரு வேணாங்க. அவளுக்கு எதுக்குத் தொந்தரவு."

மேற்கொண்டு கேட்காமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவின் நுனியை வைத்துக் காட்டினேன். அவளுக்கு அது தெரியவில்லை. அவள் விரலைப் பிடித்து அந்தக் கோட்டில் வைத்தேன். அவள் மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள். போகும்போது, "வர்றேங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கிப் போனாள். பெரியம்மா மட்டும் படியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை முதலாளி அந்தப் படிவத்தை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். "ஒரு இடம் விடுபட்டிருக்கு மகள். நீங்க இப்படி விடமாட்டீங்களே."

பேனாவை எடுத்தேன். பிள்ளைகள் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். தொழிலையும் எழுதினேன், அலுவலகத்தின் பெயரோடு. எழுதி முடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஒங்கட அம்மாவா?"

"ஓம்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பொய் சொல்லி வேலைக்கு வந்தீர்களே என்று கேட்பார் என்று நினைத்தேன். அவருக்கு நான் எந்த ஊர் என்பது ஒரு பொருட்டாகவே இல்லை.

"அந்த மனுசி ரெண்டு மணித்தியாலம் நின்டுக்கிட்டு இருந்தாவே" என்றார். "ஒரு கதிரை எடுத்துப் போட்டிருக்கலாமே, மகள்."

நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்து மேசைப் பெண்ணிடம் பெரட்டு என்றால் என்ன என்று சொன்னேன். அவள், "ஓ, அப்படியா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். ஒன்பது வருடம் காவல் காத்ததற்கு அவ்வளவுதான் விலை.

மூன்று மாதம் கழித்து அம்மாவுக்கு வலது கண் ஆபரேஷன் நடந்தது. மானியத் திட்டம் பணம் கட்டியது. கண் தெளிந்த பிறகு, இடது கண்ணுக்கான விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். இந்தத் தடவை சுவரைத் தடவாமல் நேராக நடந்து வந்தாள். முதலாளியே எழுந்து கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்க அம்மா" என்றார். அலுவலகம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அம்மா கதிரையின் விளிம்பில், எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக இருப்பவள்போல் உட்கார்ந்தாள்.

நான் படிவத்தை அவள் பக்கம் திருப்பினேன். எல்லாருக்கும் கேட்கும்படி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "அம்மா, இங்க கையெழுத்துப் போடும்மா."

அவள் சட்டென்று தலையைத் தூக்கி, தெளிந்த அந்த ஒரு கண்ணால் சுற்றி இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, நான் ஏதோ வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அதை அவள்தான் மூடி மறைக்க வேண்டும் என்பதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

"சரிங்க மிஸ்."